கோர்க் பிடியை மெஷினில் தேய்த்துத் தருகிறார்கள், கவனம்

கிளிநொச்சிப் பக்கம் தூண்டில் போடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். கடையின் பெயர் போடவில்லை. அந்த மனிதரோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை. இன்னொருவருடைய தூண்டிலும் இப்படிப் போகக்கூடாது, அவ்வளவுதான்.

என்னுடையது ஏழடித் தூண்டில். மாமா கனடாவிலிருந்து வந்தபோது கொண்டு வந்து தந்தது. நாலு வருடமாக இரணைமடுக் குளக்கட்டிலும், சில ஞாயிறுகளில் வட்டுவாகல் பக்கம் நந்திக்கடலிலும் அதுதான் கைத்துணை. யப்பான் மீனின் (திலாப்பியா) வழுவழுப்பு, மண்புழுச் சேறு, கைவியர்வை எல்லாம் ஏறி, அதன் கோர்க் பிடியில், போத்தல் மூடிக்கு வருகிற அதே தக்கைதான், பெருவிரல் வைக்கிற இடம் கறுத்துப்போய் இருந்தது. இரண்டு மூன்று இடத்தில் சின்னச் சின்னப் பள்ளமும் விழுந்திருந்தது. வேறு ஒரு குறையும் இல்லை.

டவுனில் ஒரு கடையில் 'தூண்டில், ரீல் திருத்தப்படும்' என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே பார்த்தால் கதிரை, மேசைக்கு பொலிஷ் அடிக்கிற வேலைதான் நடக்கிறது. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். கடைக்காரர் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஒரு வேலையே? புதுசு மாதிரி ஆக்கித் தாறன்" என்றார். 4,500 ரூபாய். முற்பணமாக 2,000 கொடுத்துவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் போனால், பிடி மினுங்குகிறது. உண்மையைச் சொல்கிறேன், பார்த்தவுடன் எனக்கும் சந்தோஷம்தான். மிச்சக் காசையும் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நூல் சுற்றுகிற ரீலைப் பூட்டிக் கையில் எடுத்தபோதுதான் ஏதோ இடித்தது. பிடி மெலிந்திருந்தது. ரீல் பூட்டுகிற இடத்தில் ஒரு உலோக வளையம் இருக்குமே, முன்பு கோர்க் அதோடு சமமாக வந்து முட்டும். இப்போது அங்கே ஒரு படி. விரல் நகம் வந்து அதில் தட்டுகிறது. மனிதர் மெஷினில் முரட்டு அரத்தாளைப் போட்டு, கறுப்புப் போகும்வரை உரித்தெடுத்திருக்கிறார். பள்ளங்களுக்குள் சுவருக்குப் பூசுகிற வெள்ளைப் பட்டியை அடைத்து, நிறம் தெரியாமலிருக்க மேலே மரத்துக்கு அடிக்கிற வார்னிஷ்.

மூன்று வாரம் தாக்குப்பிடித்தது. பிடியை இறுக்கிப் பிடித்தால் கோர்க் கொஞ்சம் அமுங்கும், விட்டால் மேலே வரும். அதுதான் அதன் குணம். வார்னிஷ் அப்படி அமுங்காது. அதனால் முதலில் தலைமயிர் போல வெடிப்பு, பிறகு செதில் செதிலாக எழும்பல். வெடிப்புக்குள்ளால் தண்ணீர் இறங்கி, வெளியே வரவும் வழியில்லாமல் உள்ளே கறுத்தது. பட்டி துண்டு துண்டாகக் கழன்று விழுந்து, முன்பு இருந்ததைவிடப் பெரிய பள்ளம். ஈரக் கையில் வழுக்கலோ சொல்ல வேலையில்லை. ஒரு நாள் மீன் இழுத்த இழுவையில் தூண்டில் கையை விட்டுப் போய், கட்டுக் கல்லில் விழுந்தது. நல்லகாலம், தண்ணீருக்குள் போகவில்லை.

திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். "அண்ணை, இதுக்கு வார்னிஷ் அடிக்கலாமோ?" என்று கேட்டேன். "கோர்க் எண்டாலும் மரம்தானே தம்பி. நீங்கள் தண்ணியில போட்டிருப்பீங்கள்" என்றார். தூண்டிலைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகாமல் வேறு எங்கே கொண்டுபோவதாம்! காசு திரும்பி வரவில்லை.

கோர்க் மரமில்லை, மரத்தின் பட்டை. போர்த்துக்கல், ஸ்பெயின் பக்கம் வளர்கிற ஒருவகை ஓக் மரத்தில், நட்டு ஏறக்குறைய 25 வருடத்துக்குப் பிறகுதான் முதல் பட்டையை உரிப்பார்கள். அதற்குப் பிறகு சுமார் 9 வருடத்துக்கு ஒருமுறை. அந்தப் பட்டையிலிருந்து வெட்டிய வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக் கடைந்ததுதான் நம் கையிலிருக்கிற பிடி. ஒரு வளையம் பெரும்பாலும் அரை அங்குலத் தடிப்பு. என் பிடியில் 14 வளையம், எண்ணிப் பார்த்தேன். பட்டையில் இயற்கையாகவே துளைகள் இருக்கும். மலிவான பிடியில் அவை அதிகம், கோர்க் தூளும் பசையும் கலந்து அடைத்திருப்பார்கள். அந்த அடைப்பு உதிர்வதுதான் நாம் காணும் பள்ளம்.

ஊத்தையைக் கழுவலாம், உரித்தெடுத்த கோர்க்கை ஒட்ட முடியாது. எனக்குத் தேவைப்பட்டது சட்டி கழுவுகிற சவர்க்காரத் தண்ணீரும், மெதுவான ஸ்பொஞ்சும், பத்து நிமிடமும்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, நிழலில் காய விட்டால் போதும். நந்திக்கடல் உப்புத் தண்ணீரில் பிடித்துவிட்டு வந்தால் அன்றைக்கே அலச வேண்டும். ஈரத்தோடு உறைக்குள் போட்டு சிப் இழுத்தால் பூஞ்சணம் பிடிக்கும். தின்னர், வெளுக்கிற திரவம் எதுவும் கிட்ட வரக்கூடாது.

பள்ளம் அடைக்க வேண்டுமென்றால், நிஜக் கோர்க் மூடி ஒன்றை உரசித் தூளாக்கி, தண்ணீர் தாங்கும் மரப்பசையில் குழைத்து அடைத்து ஒரு நாள் விட வேண்டும். இப்போது போத்தல் மூடிகளில் பிளாஸ்டிக்கும் வருகிறது, பார்த்து எடுங்கள். காய்ந்த பிறகு 400, 600 இலக்க நுண்ணிய அரத்தாளால், அடைத்த இடத்தில் மட்டும், கையால் மெதுவாக. கோர்க்குக்கென்றே உள்ளே ஊறி நிற்கிற மெல்லிய பூச்சும் விற்கிறார்கள், மேலே கண்ணாடி போலப் படியாதது. அப்படியும் யாரிடமாவது கொடுக்கத்தான் வேண்டுமென்றால், "என்ன அரத்தாள் போடுவீர்கள், மேலே என்ன பூசுவீர்கள்?" என்று கேளுங்கள். மெஷின் என்ற சொல் வந்தால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். முற்பணம் கொடுக்க முன் பிடியின் சுற்றளவை ஒரு நூலால் சுற்றி அளந்து, படமும் எடுத்து வையுங்கள். என்னிடம் பழைய படம் ஒன்றுகூட இல்லை.

மிஞ்சின வார்னிஷை நகத்தாலும் பழைய துணியாலும் இரண்டு இரவு இருந்து உரித்தேன். மெலிந்த இடத்துக்கு பட்மின்ரன் மட்டைக்குச் சுற்றுகிற நாடாவை வாங்கிச் சுற்றியிருக்கிறேன். கைக்குப் பரவாயில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கழற்றிக் காய வைக்க வேண்டியிருக்கிறது. மாமா அடுத்த மாதம் வருகிறார், இரணைமடுவுக்குப் போவோம் என்று இப்போதே சொல்லிவிட்டார். நாடாவைக் கழற்றிக் காட்டுவதா, சுற்றியபடியே கையில் கொடுப்பதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.