கிழக்குத் தடத்து ஏ4, மேற்குத் தடத்து கோரனேஷன்: இரு நீராவி எஞ்சின்களின் ஒப்பீடு

1930-களில் லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்குப் பயணிகளை இழுக்க இரண்டு ரயில்வே நிறுவனங்கள் போட்டியிட்டன. கிழக்கே எடின்பரோ செல்லும் தடத்துக்காக நைஜல் கிரெஸ்லி 1935-ல் வடிவமைத்தது ஏ4 வகை. மேற்கே கிளாஸ்கோ செல்லும் தடத்துக்காக வில்லியம் ஸ்டேனியரின் பொறுப்பில் 1937-ல் வந்தது கோரனேஷன் வகை. ஸ்டேனியர் அலுவல் நிமித்தம் இந்தியா சென்றிருந்தபோது அதன் நுணுக்க வேலைகளில் பெரும்பங்கைத் தலைமை வரைவாளர் டாம் கோல்மன் பார்த்துக்கொண்டார். டான்காஸ்டர் பணிமனையில் 35 ஏ4-களும் குரூ பணிமனையில் 38 கோரனேஷன்களும் கட்டப்பட்டன. பின்னவற்றுள் 24 மட்டுமே காற்றைக் கிழிக்கும் மேலுறையோடு பிறந்தவை.

வேகம் என்றதும் பேச்சு மல்லார்டில்தான் தொடங்கும். 1938 ஜூலை 3 அன்று ஸ்டோக் சரிவில் அந்த ஏ4 மணிக்கு 126 மைல், அதாவது ஏறத்தாழ 203 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. நீராவி எஞ்சின்களின் உலகச் சாதனையாக அது இன்றும் நிற்கிறது. கோரனேஷனின் உச்சம் 1937 ஜூன் 29 அன்று எட்டிய 114 மைல். அன்று பிரேக் போடுவதில் தாமதம் நேர்ந்து, 20 மைல் வேகத்தில் கடக்க வேண்டிய குரூ நிலையத்துத் தடமாற்றிகளை வண்டி 57 மைலில் கடந்ததில், உணவுப் பெட்டியிலிருந்த பீங்கான் பாத்திரங்கள் நொறுங்கின. இவ்விரண்டு சாதனைகளுமே இறக்கத்தில் நிகழ்ந்தவை என்பதால், எஞ்சினின் உண்மையான வலுவை அளக்க அவற்றை நான் பெரிதாக நம்புவதில்லை.

வலுவை அளக்க ஏற்றம் வேண்டும். அந்த ஏற்றம் மேற்குத் தடத்தில் தாராளமாகக் கிடைத்தது. ஷாப் மேட்டில் 75 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றம் நான்கு மைல் நீள்கிறது. அதற்கப்பால் ஸ்காட்லாந்தில் பீட்டக் மேடு காத்திருக்கிறது. கிழக்குத் தடத்தில் மல்லார்ட் இறங்கிய ஸ்டோக் சரிவோ ஏறக்குறைய 200-க்கு ஒன்றுதான். ஆகவேதான் கோரனேஷனுக்கு நான்கு சிலிண்டர்களும், கரி எரியும் 50 சதுர அடி நெருப்புத் தட்டும், 40,000 பவுண்டு இழுவிசையும் தரப்பட்டன. ஏ4-க்கு மூன்று சிலிண்டர்கள், 41.25 சதுர அடி தட்டு, 35,455 பவுண்டு இழுவிசை. கொதிகலன் அழுத்தம் இரண்டிலும் சதுர அங்குலத்துக்கு 250 பவுண்டே. 1939 பிப்ரவரியில் டச்சஸ் ஆஃப் அபர்கார்ன் என்ற கோரனேஷன் 20 பெட்டிகளை, 605 டன் சுமையை, குரூவிலிருந்து கிளாஸ்கோவுக்கு இழுத்துச் சென்று திரும்பியபோது, சிலிண்டர்களில் 3,300 குதிரைத்திறனுக்கு மேல் பதிவாகியது. வெள்ளி ஜூபிலி என்ற விரைவு வண்டியின் ஏழு பெட்டிகளோடு ஓடப் பிறந்த ஏ4-இடம் இதை எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆனால் 50 சதுர அடித் தட்டுக்குத் தீனி போடுவது மண்வெட்டி பிடித்த ஒரே ஃபயர்மேன்தான். எஞ்சினுக்குப் பின்னால் கரியும் நீரும் சுமந்துவரும் டெண்டரில் நிலக்கரியை முன்னே தள்ளித்தரும் நீராவித் தள்ளுவான் இருந்தும், தட்டில் கரி வீசும் வேலை அவர் தோளைவிட்டு நீங்கவில்லை.

ஏ4-இன் பலவீனம் நடுச் சிலிண்டரில் இருந்தது. அதற்குள் நீராவியை விடும் வால்வுக்குத் தனி இயக்கம் கிடையாது. வெளிச் சிலிண்டர்கள் இரண்டின் வால்வு அசைவையும் நெம்புகோல்கள் கூட்டி அதற்குக் கொடுத்தன. நெம்புகோல் ஊசிகள் தேயத் தேய, அதிவேகத்தில் நடு வால்வு அளவுக்கு மீறி நகர்ந்தது. நடுச் சிலிண்டர் தன் பங்குக்கு மேல் உழைத்தது. அதன் இணைப்புத் தண்டின் பெரிய முனையில் உள்ள பேரிங் சூடேறியது. மல்லார்டே சாதனை படைத்த கையோடு இதே கோளாறால் பீட்டர்பரோவில் கழற்றப்பட்டு, வண்டியைப் பழைய எஞ்சின் ஒன்றுதான் லண்டனுக்கு இழுத்துச் சென்றது. கோரனேஷனில் உள் வால்வுகள் அந்தந்தப் பக்கத்து வெளி இயக்கத்திலிருந்தே ஆடுகோல் வழியாக இயங்கியதால் இந்தத் தொல்லை எழவில்லை. எனினும் 1948-ல் நாட்டுடைமையான ரயில்வே நடத்திய பரிமாற்றச் சோதனைகளில் (எஞ்சின்களைத் தடம் மாற்றி ஓட்டிப் பார்த்த சோதனைகள்), ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தர ஏ4 எரித்த கரி 3.06 பவுண்டு, கோரனேஷன் எரித்தது 3.12 பவுண்டு. சிக்கனத்தில் ஏ4 மயிரிழை முந்தியது; ஆனால் அந்தச் சோதனையின்போதும் ஏ4-கள் வழியில் பழுதாகி நின்றன.

எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது மேலுறையின் கதை. ஏ4-இன் ஆப்புமுக உறை புகையை ஓட்டுநரின் கண்ணை மறைக்காமல் மேலே தூக்கி எறிந்தது. உட்புறத்தைத் துப்புரவு செய்ய முகப்பைக் கைப்பிடி சுழற்றித் திறக்கவும் முடிந்தது. போர்க்காலத்தில் சக்கரங்களை மூடிய பாவாடைத் தகடுகள் மட்டும் பராமரிப்புக்காகக் கழற்றப்பட்டன. மற்ற உறை கடைசிவரை நீடித்தது. கோரனேஷனின் உறையோ பராமரிப்புக்குச் சுமையாகிப்போய், 1946 முதல் 1949-க்குள் எல்லா எஞ்சின்களிலிருந்தும் நீக்கப்பட்டது. உறைக்கு ஏற்பச் சரித்திருந்த புகைப்பெட்டியின் மேல்முனை மட்டும் சில ஆண்டுகள் அப்படியே இருந்து, கழற்றிய சட்டையின் மடிப்பைப் போலப் பழைய வடிவைக் காட்டிக்கொண்டிருந்தது. புகையை விலக்கப் பக்கத் தகடுகளும் பிறகு பொருத்த வேண்டியதாயிற்று.

யார்க் ரயில்வே அருங்காட்சியகத்தில் உள்ள டச்சஸ் ஆஃப் ஹாமில்டன் என்ற கோரனேஷனுக்கு 2009-ல் அந்த உறையைப் புதிதாகச் செய்து மீண்டும் மாட்டியிருக்கிறார்கள். மல்லார்டும் அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.