திருகா, ஒட்டா, ஒரே மரமா: கிட்டார் கழுத்து இணைப்பு குறித்து ஓர் ஒப்பீடு

தொழில்முறை இசைக்கலைஞர்கள் சிறு பட்டறையில் தமக்கென ஓர் எலெக்ட்ரிக் கிட்டார் செய்யச் சொல்லும்போது, தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப்பையும் வண்ணத்தையும் பற்றி நெடுநேரம் பேசுகிறார்கள். கழுத்து, அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீண்ட பகுதி, உடலோடு எப்படி இணைய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பட்டறைக்காரரிடமே விட்டுவிடுகிறார்கள். பிக்கப்பைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், இணைப்பு முறையை மாற்றுவது அநேகமாக நடவாத காரியம் என்பதால், முதலில் தீர்மானிக்க வேண்டியது அதுவே.

வழிகள் மூன்று. ஃபெண்டர் நிறுவனம் டெலிகாஸ்டரிலும், 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் கழுத்தை நான்கு திருகாணிகளால் முடுக்கியது. கிப்சன் 1952-இல் வெளியிட்ட லெஸ் பால் கிட்டாரில், உடலில் குடைந்த குழிக்குள் கழுத்து பசையிட்டு ஒட்டப்பட்டது. மூன்றாவது முறையில் கழுத்து மரமே உடலின் நடுவாக அடிவரை ஓடும். இரு பக்கமும் தனித்தனி மரத்துண்டுகள் ஒட்டப்படும். 1957-இல் வந்த ரிக்கன்பேக்கர் 4000 பேஸ் கிட்டார் இவ்வகை.

ஒட்டிய கழுத்தில்தான் ஒலி நீடித்து நிற்கும் என்ற பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எந்த ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டையில்) ஒலி சீக்கிரம் அடங்குகிறது என்பதில் கழுத்தின் விறைப்புக்கும் எடைக்கும் பெரும்பங்கு உண்டு. மூன்றே திருகாணிகளால் கழுத்து முடுக்கப்பட்ட 1970-களின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் பெற்ற கெட்ட பெயருக்கும், பலவற்றில் குழி தளர்வாக வெட்டப்பட்டிருந்தது ஒரு காரணம். பழி என்னவோ திருகாணியின் மேல் விழுந்தது.

உண்மையான வேறுபாடு, பிழையைத் திருத்த முடியுமா என்பதில் இருக்கிறது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் அளவுள்ள கிட்டாரில் கழுத்துக் குழி ஏறத்தாழ 75 மில்லிமீட்டர் நீளம் கொண்டது. அதன் பிரிட்ஜ் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பாலம்) பக்க ஓரத்தில் 0.25 மில்லிமீட்டர் தகடு ஒன்றை வைத்தால் கழுத்தின் சாய்வு மாறி, தந்திகள் அதே உயரத்தில் நிற்க, பிரிட்ஜை 0.8 மில்லிமீட்டர் அளவுக்கு உயர்த்த வேண்டிவரும். திருகு முறையில் இது தந்திகளைத் தளர்த்திவிட்டுச் சிறிது நேரத்தில் முடிக்கும் வேலை. ஒட்டு முறையிலோ, பசை காய்வதற்குள் அதே கால் மில்லிமீட்டர் பிசகியிருந்தால் அது அந்தக் கிட்டாரின் நிரந்தரக் குணமாகிவிடும்.

திருகு முறையால் பட்டறைக்கும் லாபம் உண்டு. கழுத்தில் முறுக்கு விழுந்தால் அதை மட்டும் ஒதுக்கிவிட்டு உடலைக் காப்பாற்றலாம். ஓயாமல் பயணம் செய்யும் கலைஞர், அதே அளவில் இரண்டாவது கழுத்து ஒன்றையும் சேர்த்துச் செய்யச் சொல்லலாம். ஆனால் மரத் திருகாணியை அடிக்கடி கழற்றி மாட்டினால் மரத்திலுள்ள புரி தேய்ந்துவிடும். ஆகவே கழுத்துக்குள் உலோகப் புரிக்குழாய் பதித்து, போல்ட்டால் முடுக்கச் சொல்வது நல்லது.

மூன்றாவது முறை கைக்கு மிகச் சுகமானது. கழுத்தின் அடிப்பகுதியில் தடிப்பு இல்லாததால் மேல் ஃப்ரெட்டுகளுக்கு விரல் தடையின்றிப் போகும். ஆனால் அந்த ஒரே மரம் வளைந்து, வளைவைச் சரிசெய்யக் கழுத்துக்குள் வைக்கும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடுக்கும் கட்டுப்படாமல் போனால் முழுக் கிட்டாரும் சிக்கலுக்குள்ளாகும். கிப்சனே 1963-இல் இம்முறையில் வெளியிட்ட ஃபயர்பேர்டை 1965-இல் ஒட்டுக் கழுத்துக்கு மாற்றியது.

மேடைக்கும் பயணத்துக்கும் திருகு முறையையே நான் பரிந்துரைப்பேன். பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே வாசிப்பவர், கழுத்தும் உடலும் சேருமிடம் வழவழவென்று செதுக்கப்பட்டிருப்பதை விரும்பினால், ஒட்டு முறையைத் தயங்காமல் கேட்கலாம். அப்போது எந்தப் பசை என்பதையும் முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும்: மரவேலையில் வழங்கும் வச்சிரம் (விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசை) சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும் என்பதால், பின்னாளில் நீராவி செலுத்திக் கழுத்தைப் பிரித்தெடுக்க வழியுண்டு, எபாக்ஸி போட்டு ஒட்டியதை அவ்வளவு எளிதில் பிரிக்க முடியாது.