தோள்பட்டை புடிப்புக்கு நாலு சாமான் வாங்குனேன், உருப்படி ரெண்டுதானுங்க

பல்லடம் பக்கம் தறி ஓட்டறவன் நான். ஒன்றரை மாசத்துக்கு முன்னாடி பாவு பீம், அதான் நூல் சுத்துன பெரிய உருளை, அத தறில ஏத்தறப்ப அக்கட்ட புடிச்சிருந்த பையன் கை வழுக்கி உட்டுட்டான், மொத்த பாரமும் என்ற வலது தோளுக்கு வந்துருச்சு. உள்ளார சுருக்குன்னு ஒண்ணு இழுத்துச்சு பாருங்க, அன்னிக்கி பொழுதோட சட்டை கழட்ட கைய தூக்க முடியல.

அம்மா உடனே நல்லெண்ணெய காய வெச்சு நல்லா நீவி உட்டுட்டாங்க. பக்கத்து வூட்டு அப்புச்சி ஒருத்தரு, கால் முன்னாடி வந்து பொறந்தவங்க யாராவது மிதிச்சா சுளுக்கு ஓடிரும்னு ஆள் தேட கெளம்பிட்டாரு. காலைல எந்திரிச்சா தோளு முந்தின நாளைவிட எச்சா வீங்கி கெடக்குது. டாக்டர்கிட்ட போனா முதல் கேள்வியே சூடு வெச்சீங்களா தேச்சீங்களான்னுதான் கேட்டாரு. அடிபட்ட முதல் ரெண்டு மூணு நாளைக்கு சூடும் ஆகாது அழுத்தி தேய்க்கறதும் ஆகாதாமுங்க, வீக்கம் கூடத்தான் செய்யும்.

இன்னொண்ணும் சொன்னாரு. நாம எல்லாத்தையும் சுளுக்குன்னு ஒரே வார்த்தைல முடிச்சுக்கறோம், ஆனா அதுல ரெண்டு வகை இருக்குது. எலும்பையும் எலும்பையும் கட்டி வெச்சிருக்கற நாரு இழுபட்டா ஸ்ப்ரெயின், சதையோ சதைய எலும்போட சேக்கற நாரோ இழுபட்டா ஸ்ட்ரெயின். எனக்கு ரெண்டாவது, ரொட்டேட்டர் கஃப்னு தோள் மூட்ட சுத்தி நாலு சதை இருக்குதாம் அதுல. எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும் இதெல்லாம் தெரியாது, கையே தூக்க வரலைன்னா ஸ்கேன் பாக்கலாம்னாரு. டோலோ 650ன்னு பாராசிட்டமால் மாத்திரை எழுதி குடுத்தாரு, அதோட சரி.

இனி சாமானுக்கு வர்றேன்.

ஜெல் பேக், மெடிக்கல்ல 220 ரூவா. இதுக்கு முழு மார்க்குங்க. ஃப்ரீசர்ல வெச்சு எடுத்து துண்டுல சுத்தி 15, 20 நிமிசம், ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா. துண்டு இல்லாம வெச்சுராதீங்க, கரையற ஐஸ் கட்டி ஜீரோ டிகிரிலயே நிக்கும், ஆனா ஃப்ரீசர்ல இருந்து வர்ற ஜெல் அதவிட குளிரு, தோலு வெந்த மாதிரி ஆயிரும். நான் ஒரு நாள் சோம்பேறித்தனத்துல அப்படியே வெச்சு செவந்து போச்சு. வீக்கம் வடிஞ்சப்புறம் அதே பேக்க வெந்நில போட்டு சூடு ஒத்தடமும் குடுத்துக்கலாம், ஒரே காசுக்கு ரெண்டு வேலை.

ஸ்ப்ரே. ஜிவ்வுனு இருக்கும், கால் மணி நேரம் வலி மறந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். தறி சத்தத்துல கூட அந்த வாசம் தெரியுதுன்னு பசங்க கிண்டல் பண்றானுங்க. வலிக்கு தடவற டைக்ளோபினாக் ஜெல் கொஞ்சம் தேவலாம், ஆனா அத போட்ட எடத்துல சூடு ஒத்தடம் வெக்க கூடாது. டைக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரைய வெறும் வயித்துல முழுங்கறதும் வேண்டாமுங்க, பிபி கிட்னி கோளாறு இருக்கறவங்க டாக்டர கேக்காம தொடவே தொடாதீங்க.

பெல்ட்டு. இதுதாங்க என்ற வயித்தெரிச்சல். ஆன்லைன்ல 1,150 ரூவா குடுத்து தோள் பெல்ட் வாங்குனேன், பேரு சொல்ல விரும்பல. அக்குள்ள அறுக்குது, வேர்வைல அரிக்குது, அதெல்லாங்கூட பொறுத்துக்கலாம், தறிக்குடோன்ல பறக்கற பஞ்செல்லாம் அந்த வெல்க்ரோல போயி அடைஞ்சு நாலே நாள்ல ஒட்டறதே நின்னுபோச்சு. ரிட்டர்ன் போட்டா பிரிச்ச பொருள எடுக்க மாட்டோம்னுட்டாங்க. இதுல எக்ஸர்சைஸ் சொல்லிக்குடுத்த பிசியோ பொண்ணு வேற, "ஏனுங்ண்ணா, இத எந்நேரமும் மாட்டிட்டே கைய ஆட்டாம வெச்சிருந்தீங்கன்னா தோளு எறுகிப்போயி தூக்கவே வராதுங்க, சுகர் இருந்தா இன்னும் சீக்கிரம் எறுகும்"னு சொல்லி பயமுறுத்தி உட்டுருச்சு. எனக்கு சுகர் இருக்குதுங்க.

எக்ஸர்சைஸுக்கு இழுக்கற நீள ரப்பர் பேண்ட், 300 ரூவா. நெசமா என்ற கைய தூக்கி உட்டது இதுதான், ஆனா இத முதல் வாரமே எடுக்கல. முதல்ல மேசைய நல்ல கைல புடிச்சு குனிஞ்சு, வலிக்கற கைய கெணத்து வாளி மாதிரி தொங்க உட்டு லேசா சுத்தறது. அப்புறம் செவுத்துல விரல் விரலா மேல ஏத்தறது, எங்க நிக்குதோ அங்க பென்சில்ல கோடு போட்டுக்கங்க, என்ற வூட்டு செவுத்துல இன்னும் அந்த கோடு இருக்குது, சம்சாரம் தினமும் திட்டுது. மூணாவது வாரந்தான் பேண்டு. முழங்கைக்கும் வெலாவுக்கும் நடுவுல துண்ட சுருட்டி வெச்சு கைய வெளிய இழுக்கறது, பத்து தடவை. மஞ்ச கலர்தான் லேசுன்னு பிசியோ சொல்லுச்சு, நான் வீறாப்புக்கு பச்சைய எடுத்து ரெண்டு நாள் வலிய திருப்பி வாங்கிட்டேன். கம்பெனிக்கு கம்பெனி கலர் மாறுமாம், கேட்டு வாங்குங்க.

காசே இல்லாத வைத்தியம் ஒண்ணு, ராத்திரி அந்த பக்கம் ஒருச்சாச்சு படுக்காம கைக்கடில ஒரு தலகாணி குடுத்துக்கறது. இத யாரும் முன்னாடியே சொல்லல, ஒரு வாரம் தூக்கங்கெட்டேன்.

தோள் உருவமே மாறி இருந்தாலோ, கை மரத்துப்போனாலோ எண்ணெக்கட்டு ஐஸு எதுவும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு போங்க. எடது தோள் வலியோட நெஞ்சு அடைச்சு வேர்த்தா அது சுளுக்கே இல்லீங்க, ஆம்புலன்ஸ கூப்புடுங்க.

இப்ப ஆறு வாரம் ஆச்சு, சட்டை நானே மாட்டறேன், பீம் மட்டும் இன்னும் தூக்கல. பெல்ட்டு பீரோ மேல கெடக்குது, ஊசில நோண்டி பஞ்செல்லாம் எடுத்துட்டேன், இப்ப ஒட்டுது. வலது தோளுக்கு மட்டுந்தான் ஆகும், எல் சைஸு. வேணுமுங்கறவங்க சொல்லுங்க, பாதி வெலை, பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டாந்து குடுக்கறேன்.