தோட்டத்துக் கோயிலில் மூன்று திருவிழா பார்த்த என்டிஐ பெட்டிகள்: என் அனுபவம்

என்டிஐ பெட்டி, அதாவது கேமராப் படத்தை நெட்வொர்க் கேபிள் வழியாக அனுப்பும் கருவி, வாங்கலாமா, நம்ம கோயிலுக்குச் சரிப்பட்டு வருமா என்று இந்த வருடத்தில் மட்டும் நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் இருப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். வேலை செம்பனை (பாமாயில்) ஆலையில், மின்சாரப் பிரிவில். வார இறுதியில் கல்யாணம், கோயில், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி என்று வீடியோ எடுக்கிறேன். 2022 தொடக்கத்தில் படத்தை நெட்வொர்க்குக்கு அனுப்பும் எச்எக்ஸ் வகை என்கோடர் இரண்டும், அதைத் திரும்பப் படமாக்கித் திரைக்குக் கொடுக்கும் டிகோடர் ஒன்றும் வாங்கினேன். அடுத்த வருடம் முழு என்டிஐ பெட்டி ஒன்று (இந்த இரண்டு வகையையும் கீழே விளக்குகிறேன்). அதை என்கோடராகவும் வைக்கலாம், டிகோடராகவும் மாற்றலாம். நடுவில் ஒன்று செத்துப்போனது, அதைப் பின்னால் சொல்கிறேன். எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை, ஏனென்றால் நான் பட்டதில் பெரும்பகுதி பெட்டியால் வந்ததே அல்ல, நான் இழுத்த கேபிளாலும் வைத்த சுவிட்சாலும் வந்தது.

எதற்கு இந்தச் செலவு என்று கேட்டால், பாட்டிமார்களுக்காகத்தான். எங்கள் மாரியம்மன் கோயில் தீமிதியன்று குழிக்குப் பக்கத்தில் நிற்கவே முடியாது, அவ்வளவு கூட்டம், அவ்வளவு வெக்கை. வயதானவர்கள் எல்லாரும் மண்டபத்தில் உட்கார்ந்து உருமிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பூசையைக் கைப்பேசி வழியாக முகநூலில் காட்டினோம், அதிலிருந்து "மண்டபத்திலேயும் ஒரு திரை வெச்சா என்ன தம்பி?" என்று தலைவர் ஐயா கேட்க ஆரம்பித்தார். கோயிலுக்கும் மண்டபத்துக்கும் 140 மீட்டர். சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் 15 மீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது. ஒளிபரப்புக் கேமராக்களுக்குப் போடும் எஸ்டிஐ நல்ல கேபிளாக இருந்தால் 100 மீட்டர் வரை போகும். நெட்வொர்க் கேபிளுக்கும் ஒரு துண்டுக்கு 100 மீட்டர்தான் கணக்கு, ஆனால் நடுவில் ஒரு சுவிட்ச் வைத்துவிட்டால் அடுத்த 100 மீட்டர் கிடைத்துவிடும். படம், சத்தம், பெட்டிக்கு வேண்டிய மின்சாரம், எந்தக் கேமரா இப்போது நேரலையில் இருக்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு, எல்லாம் ஒரே கம்பியில் போகிறது என்பதுதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது.

இரண்டு வகை இருக்கிறது, வாங்குவதற்கு முன்னால் இதைப் புரிந்துகொள்ளுங்கள். என்டிஐ என்பது 2015இல் நியூடெக் நிறுவனம் கொண்டுவந்த முறை, இப்போது விஸ்ஆர்டி நிறுவனத்திடம் இருக்கிறது. முழு என்டிஐ படத்தை லேசாகத்தான் சுருக்கும், அதனால் தாமதம் மிகக் குறைவு, ஆனால் 1080பி படம் விநாடிக்கு 60 பிரேம் ஓடினால் ஒரு கேமராவுக்கே விநாடிக்குச் சுமார் 125 மெகாபிட் தின்னும். எச்எக்ஸ் வகை எச்.264, எச்.265 முறையில் நன்றாகச் சுருக்கி 10, 20 மெகாபிட்டுக்குள் அடக்கிவிடும், பதிலுக்குத் தாமதம் கூடும். எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது, படம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்தது.

முதல் நாள் வீட்டில் வைத்துப் பார்த்தபோது பெட்டியை மாட்டி, மடிக்கணினியில் என்டிஐ படத்தைப் பார்க்க இலவசமாகக் கிடைக்கும் ஸ்டூடியோ மானிட்டர் மென்பொருளைத் திறந்தால் பட்டியலில் ஒரு பெயரும் இல்லை. இரண்டு மணி நேரம் போனது. காரணம் இரண்டு. பெட்டிகள் எம்டிஎன்எஸ் மூலமாகத் தங்களை அறிவித்துக்கொள்கின்றன, அது ஒரே நெட்வொர்க் வட்டத்துக்குள் மட்டும்தான் கேட்கும். என் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையான முகவரியோடு வேறு வட்டத்தில் இருந்தது, மடிக்கணினி ரவுட்டர் கொடுத்த முகவரியில் இருந்தது. அதைச் சரிசெய்த பிறகும் வரவில்லை, ஏனென்றால் விண்டோஸ் அந்த நெட்வொர்க்கைப் பொது இடம் என்று நினைத்து ஃபயர்வாலை மூடி வைத்திருந்தது. தனிப்பட்ட நெட்வொர்க் என்று மாற்றியதும் பெயர் வந்துவிட்டது. கூடவே வைஃபையையும் அணைத்துவிடுங்கள். கம்பியும் வைஃபையும் இரண்டும் ஒரே ரவுட்டரில் சேர்ந்திருந்தால் படம் எந்த வழியாக வருகிறதென்றே தெரியாது, விட்டு விட்டு வரும். அப்புறம், வாங்கிய அன்றே ஒவ்வொரு பெட்டிக்கும் பெயர் மாற்றுங்கள். தீமிதி நேரத்தில் ஒரே மாதிரி நீள எண்ணோடு மூன்று பெயர் பட்டியலில் நின்றால் கை நடுங்கும். என்னுடையவை இப்போது கருவறை, கொடிமரம், குழி.

சுவிட்ச் விஷயத்தில் வீட்டிலிருந்த பழைய 100 மெகாபிட் சுவிட்சை வைத்தே எச்எக்ஸ் பெட்டிகளை ஓட்டினேன், ஒரு குறையும் இல்லை. முழு என்டிஐ பெட்டி வந்த அன்று அதே சுவிட்சில் மாட்டியதும் படம் துண்டு துண்டாக வந்தது. 100 மெகாபிட் குழாயில் அதைவிடப் பெரிய தண்ணீரை விட்டால் எப்படிப் போகும்? கிகாபிட் சுவிட்ச், கேபிள் வழியாக மின்சாரம் கொடுக்கக்கூடியது, எட்டுத் துளை உள்ளதாக ஒன்று வாங்கினேன். மின்சாரம் மிச்சப்படுத்தும் ஈதர்நெட் வசதி அதில் இருந்தால் அணைத்துவிடுங்கள். மொத்தத் திறனில் அறுபது, எழுபது சதவீதத்துக்கு மேல் ஏற்றாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

இனி எலிக் கதை. 2023 திருவிழாவுக்கு முந்தின நாள் இரவு. குழிக் கேமராவின் பெயர் பட்டியலில் தெரிகிறது, படமும் வருகிறது, ஆனால் இரண்டு விநாடிக்கு ஒரு முறை திக்கித் திக்கி. பெட்டியை மாற்றினேன், கேமராவை மாற்றினேன், மென்பொருளைத் திரும்பப் போட்டேன். மணி பன்னிரண்டு. கடைசியில் சுவிட்சின் முன்னால் குனிந்து விளக்குகளைப் பார்த்தேன், மற்ற துளைகளில் பச்சை, இந்த ஒன்றில் மட்டும் மஞ்சள். என் சுவிட்சில் மஞ்சள் என்றால் 100 மெகாபிட். கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பி இருக்கிறது, கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். மண்டபத்துக் கூரைக்குள் எலி ஒரு கம்பியைக் கடித்திருந்தது, சுவிட்சும் பெட்டியும் சத்தமில்லாமல் பேசி வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தன. எச்எக்ஸ் கேமரா அந்தக் கம்பியில் போயிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. செம்பனைத் தோட்டத்தில் எலிக்காகவே கூகை வளர்க்கிறார்கள், கோயில் கூரையைப் பற்றி நான் யோசிக்கவில்லை. இப்போது கேபிள் எல்லாம் பிவிசி குழாய்க்குள் போகிறது. கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு பூசிய மலிவுக் கேபிள் நீளமாகப் போனால் வழியிலேயே மின்னழுத்தம் விழுந்துவிடும், பெட்டி தானாக அணைந்து அணைந்து எரியும். அதையும் ஒரு கல்யாணத்தில் அனுபவித்தேன்.

எலியைவிடப் பெரிய அடி இடி. ஏப்ரல், மே மாதச் சாயங்காலங்கள் நம் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியும். கோயிலிலிருந்து மண்டபத்துக்கு வெளியில் போன செம்புக் கேபிளை விழா முடிந்த பிறகும் கழற்றாமல் விட்டிருந்தேன். கோயில் மேல் நேரடியாக விழவில்லை, பக்கத்தில் எங்கேயோ விழுந்தது. சுவிட்சில் இரண்டு துளையும் ஒரு எச்எக்ஸ் என்கோடரும் போய்விட்டன. மின்னலுக்கு உத்தரவாதம் கிடையாது, அது நியாயம்தான், ஆனால் கோயில் பணம் என்பதால் மனசு ஆறவே இல்லை, வேறொன்றை என் கைக்காசில் வாங்கி வைத்தேன். அதன் பிறகு இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஃபைபர் எனும் கண்ணாடி இழைக் கேபிள்தான். நுனி ஏற்கெனவே பொருத்தப்பட்ட வெளிப்புறக் கேபிள் 150 மீட்டர், இரண்டு பக்கமும் சுவிட்சில் செருகும் சிறு மாட்யூல்கள். கண்ணாடியில் மின்சாரம் ஓடாது, 100 மீட்டர் கணக்கும் இல்லை, நடு வழியில் மடப்பள்ளிக்குள் ஒளித்து வைத்திருந்த சுவிட்சும் மிச்சம். இதை முதலிலேயே செய்திருந்தால் செத்துப்போன பெட்டியின் விலையைவிடக் குறைவாகவே ஆகியிருக்கும். உங்களுடையது இரண்டு தனிக் கட்டடங்கள் என்றால் தயவுசெய்து செம்பை வெளியில் இழுக்காதீர்கள்.

தாமதத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், இதில்தான் நான் அதிகம் கற்றேன். அளப்பது எளிது. கைப்பேசியில் ஓடும் ஸ்டாப்வாட்சைக் கேமராவுக்குக் காட்டி, கைப்பேசியும் திரையும் சேர்ந்து விழும்படி இன்னொரு கைப்பேசியில் ஒரு புகைப்படம் எடுத்து, இரண்டு எண்ணையும் கழித்துப் பாருங்கள். என் எச்எக்ஸ் வழி, கேமராவிலிருந்து டிவி வரை, ஏறக்குறைய 200 மில்லி விநாடி. முழு என்டிஐ அதில் பாதிக்கும் குறைவு. குழிக்குப் பக்கத்தில் வாடகைக்கு எல்இடி திரை வைத்தோம், அதற்கு முதல் வருடம் எச்எக்ஸ்தான் போனது. உருமி மேளம் அடிக்கும் பையன் ஒருவன் வந்து, "அண்ணே, நாங்க அடிக்கிறதுக்கும் அதுல கை எறங்குறதுக்கும் ஒத்தே வரலையே" என்றான். சரியாகத்தான் சொன்னான், பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு அது கண்ணை உறுத்தும். அதற்காகத்தான் முழு என்டிஐ பெட்டி வாங்கினேன், திரைப் பக்கத்து டிகோடர் அதையும் வாங்கும் ரகம் என்பதால் தப்பித்தேன். எச்எக்ஸ் மட்டும் புரியும் டிகோடரும் சந்தையில் உண்டு, பார்த்து வாங்குங்கள்.

மண்டபத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். 140 மீட்டர் தள்ளி அடிக்கிற உருமியின் சத்தம் காற்றில் வந்து சேர ஏறக்குறைய 0.4 விநாடி எடுக்கும், படமோ 0.2 விநாடியில் வந்துவிடுகிறது. அது போதாதென்று கோயில் ஒலிபெருக்கியின் கம்பி ஒன்று மண்டபத்துக்குள் போகிறது, அந்தச் சத்தம் படத்துக்கும் முன்னாலேயே வந்துவிடும். முன்னால் ஒரு சத்தம், பிறகு படம், பிறகு இன்னொரு சத்தம். பாட்டிகள் யாரும் குறை சொல்லவில்லை, எனக்குத்தான் தாங்கவில்லை. மண்டபத்து ஒலிபெருக்கிக் கம்பியைக் கழற்றிவிட்டு, டிகோடரிலிருந்து வரும் சத்தத்தையே ஸ்பீக்கருக்குக் கொடுத்து, கதவுகளைச் சாத்தினோம். படமும் சத்தமும் ஒரே வழியில் வருவதால் ஒன்றாகவே வந்தன, அங்கே எச்எக்ஸ் தாராளமாகப் போதும்.

இரண்டு வகையையும் கலந்து வெட்டும்போது ஒரு சிக்கல் வரும். குழிக் கேமரா முன்னால் ஓடும், கருவறைக் கேமரா பின்னால் ஓடும், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினால் பக்தர் ஒரே அடியை இரண்டு முறை வைத்த மாதிரி இருக்கும். நேரலை அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளில் ரெண்டர் டிலே என்று ஒரு வடிகட்டி இருக்கிறது, வேகமான கேமராவுக்கு அதைப் போட்டு மெதுவானதோடு சேர்த்துவிடுகிறேன். முகநூல் நேரலைக்கு மட்டும்தான் இது, எல்இடி திரைக்குப் போகும் வழியில் கை வைப்பதில்லை.

எல்லாக் கேமராவும் 50 பிரேம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 60 பிரேமில் கேமராவை விட்டால் குழல் விளக்கும் மலிவு எல்இடி விளக்கும் படத்தில் அலை அலையாக ஓடும். கேமராவைப் பால் (PAL) எனும் 50 பிரேம் முறைக்கு மாற்றி, ஷட்டரை ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று வைத்தால் நின்றுவிடும். இரவல் வாங்கிய ஒரு கேமரா 60இல் இருந்ததை நான் கவனிக்காமல் விட்டு, அன்று முழுக்க அந்தப் படம் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

பெட்டிகள் மேல் எனக்குக் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. மின்விசிறி இல்லாத அலுமினியப் பெட்டி, வெயிலில் வைத்தால் தொட முடியாது, கொடிமரத்துப் பெட்டி மத்தியான வெயிலில் ஒரு முறை அணைந்தே போனது. இப்போது நிழலில் கட்டி, கேபிளை நீட்டிக்கொள்கிறேன். கேமராவின் குட்டி எச்டிஎம்ஐ துளை ஆறு மாதத்தில் ஆட ஆரம்பித்துவிடும், கூண்டு போட்டுக் கேபிளைக் கட்டிவிடுங்கள். காப்புரிமைப் பூட்டுள்ள படத்தை என்கோடர் வாங்காது, கறுப்பாகத்தான் வரும், ஆஸ்ட்ரோ சேட்டிலைட் டிவிப் பெட்டியை மாட்டிப் பார்த்துவிட்டு என்கோடர் கெட்டுப்போச்சு என்று ஒருவர் என்னிடம் கொண்டு வந்தார். டிகோடரை அணைத்துப் போட்டால் கடைசியாகப் பார்த்த கேமராவை அதுவே தேடி எடுத்துக்கொள்ள வேண்டும், என்னுடையது ஐந்துக்கு ஒரு தடவை மறந்துவிடுகிறது, அதனால் யுபிஎஸ்ஸில்தான் ஓடுகிறது. சீரியல் பல்பு போட்ட கோயிலில் எப்போது கரண்டு போகும் என்று சொல்ல முடியாது.

பணம் குறைவாக இருந்தால் என் வரிசை இப்படித்தான்: முதலில் கிகாபிட் சுவிட்சும் முழுச் செம்புக் கேபிளும், தனிக் கட்டடம் என்றால் ஃபைபர், பிறகு எச்எக்ஸ் ஒரு ஜோடி. முழு என்டிஐ மேடைக்குப் பக்கத்தில் திரை வைக்கிறவர்களுக்கு மட்டும். ஒரே கேமரா, இருபது மீட்டர், ஒரு டிவி என்றால் இது எதுவுமே வேண்டாம், எஸ்டிஐ கன்வெர்டர் இரண்டு வாங்கிப் போட்டுவிட்டுப் போய்ச் சாப்பிடுங்கள்.

இந்த வருடம் கரகம் பாலிப்பதையும் (ஆற்றங்கரையில் கரகம் ஜோடிக்கும் சடங்கு) மண்டபத்தில் காட்டச் சொல்லியிருக்கிறார் தலைவர் ஐயா. ஆற்றங்கரை கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல், செம்பனைக்கு நடுவில், கேபிள் நினைக்கவே முடியாது. எச்எக்ஸ் பெட்டியிலேயே இணையம் வழியாகப் படம் அனுப்பும் எஸ்ஆர்டி முறையும் இருக்கிறது, ஹைவிஷன் நிறுவனம் அதை 2017இல் எல்லாருக்கும் திறந்துவிட்டது, இணையத்தில் தொலைந்துபோகும் துண்டுகளைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். 4ஜி மோடத்தோடு ஆற்றங்கரையில் நின்று, வீட்டு ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்து போன ஞாயிறு சோதித்தேன். தொலைந்த துண்டு திரும்பி வரக் காத்திருக்கும் நேரம் முதலில் 120 மில்லி விநாடியாக இருந்தது, அதில் படம் கிழிந்தது, 1000க்கு ஏற்றியதும் இருபது நிமிடம் ஒரு கட்டம்கூட உடையாமல் வந்தது. ஆனால் அன்று ஆற்றங்கரையில் நானும் என் தம்பியும் மட்டும்தான் இருந்தோம். திருவிழாவன்று அங்கே நிற்கும் அத்தனை பேர் கையிலும் கைப்பேசி இருக்கும், எல்லாரும் அதே கைப்பேசிக் கோபுரத்தைத்தான் பிடிப்பார்கள், அதனால் வேறு நிறுவனத்து சிம் போட்ட இரண்டாவது மோடம் ஒன்றையும் சேர்த்து அடுத்த ஞாயிறு மறுபடியும் போகிறோம்.