குசாட்சு, ஷிபு வெந்நீர்க் குளியல்: பாய்லர் வேலைக்காரனின் மதிப்பீடு

ஜப்பானின் வெந்நீர் ஊற்று ஊரான குசாட்சுவுக்குப் போகிற நம் ஆட்கள் முதலில் தேடுவது விடுதியைத்தான். அறையிலேயே தனித்தொட்டி, மலையைப் பார்த்த ஜன்னல், வரிசையாகத் தட்டு வைக்கும் இரவுச் சாப்பாடு என்று ஒரே இரவுக்கு ஒரு மாத வீட்டு வாடகையைக் கொடுத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது வேண்டாம். படுக்கச் சுத்தமான ஓர் அறை போதும். மிச்சக் காசில் ஊரின் மூன்று பெரிய குளியல் கூடங்களுக்குப் போங்கள்: கோசானோயு, ஓதாக்கினோயு, சாய்னோகவாரா. மூன்றுக்கும் சேர்த்து ஒரே சீட்டு கிடைக்கிறது, தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு. நண்பர்களோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

நானும் ஆலையில் கூட வேலை செய்யும் சிலரும் தீபாவளி போனஸ் வந்த பிறகு கிளம்பினோம். மலேசியாவில் சுங்காய் பக்கத்துச் செம்பனை ஆலையில் எனக்குப் பாய்லர் வேலை. நீராவியும் வெந்நீரும்தான் பிழைப்பு என்பதால் இதில் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுங்கை க்ளாவில் முட்டை அவித்துத் தின்று வளர்ந்தவர்களுக்கு வெந்நீர் ஊற்று புதிதல்ல. ஆனால் மலை உச்சிப் பக்கம், கடல் மட்டத்துக்கு மேல் 1,200 மீட்டரில், ஒரு முழு ஊரே வெந்நீரை நம்பிப் பிழைப்பதை அங்கேதான் பார்த்தேன்.

தோக்கியோவை வேகமாகக் கடந்துவிடுகிறேன். அந்த நகரத்தைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். உவேனோ நிலையத்தில் விரைவு ரயில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரத்தில் நகானோஹாரா-குசாட்சுகுச்சி. அங்கிருந்து பேருந்தில் 25 நிமிடம். குசாட்சுவுக்குள் ரயில் கிடையாது. பேருந்து மலை ஏறும்போதே கந்தக வாடை உள்ளே வந்துவிடும்.

ஊர் நடுவில் யுபாதாக்கே. குசாட்சுவின் உண்மையான தொழிற்சாலை என்று நான் சொல்வது இதைத்தான். தரையிலிருந்து கொதித்து வரும் தண்ணீரை ஏழு நீளமான மரக் கால்வாய்களில் ஓடவிடுகிறார்கள். ஓட ஓடச் சூடு தணிகிறது. கூடவே கால்வாயின் அடியில் மஞ்சள் கலந்த வெள்ளையாகக் கந்தகம் படிகிறது. அதைச் சுரண்டி எடுத்துக் காயவைத்துக் குளியல் பொடியாக விற்கிறார்கள். இங்கே மட்டும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர் வருகிறது. ஊர் முழுக்கச் சேர்த்தால் 32,000 லிட்டருக்கும் மேல். பம்பு எதுவும் இல்லை, எல்லாம் தானாகப் பொங்கி வருவது. மற்றவர்கள் படம் எடுத்து முடித்துச் சாப்பிடக் கிளம்பிய பிறகும் நான் அந்தக் கைப்பிடிச் சுவரைவிட்டு நகரவில்லை. இத்தனை சூட்டை விறகும் செம்பனை நாரும் எரிக்காமல் பூமியே கொடுக்கிறது என்பதை, ஒவ்வொரு ஷிப்டும் அடுப்புக்கு நார் தள்ளுகிறவனால் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியாது.

இப்போது அந்தத் தண்ணீர். எங்கள் பாய்லரில் பிஎச் அளவை 11 பக்கம் வைத்திருப்போம். அந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும், இறங்கினால் இரும்பை அரித்துவிடும். யுபாதாக்கே தண்ணீர் 2.1. பண்டாய்கோ என்று இன்னொரு ஊற்று இருக்கிறது. அது ஏறத்தாழ 95 பாகை சூட்டில் வருகிறது, பிஎச் 2-க்கும் கீழே. அந்தச் சூட்டை வெப்பப் பரிமாற்றியில் எடுத்து ஊரின் குழாய்த் தண்ணீரைச் சுடவைக்கிறார்கள், சாலையில் விழும் பனியையும் உருக்குகிறார்கள். கீழே ஓடும் யுகாவா ஆற்றில் முன்பு மீன் கிடையாது, பாலத்தின் கான்கிரீட்டே கரையும், வயலுக்கும் அந்தத் தண்ணீர் ஆகாது. அதனால் 1964 முதல் இரவு பகல் பாராமல் ஆற்றில் சுண்ணாம்புக் கரைசலை ஊற்றிச் சரிசெய்கிறார்கள். குளிக்கப் போகிறவர்கள் ஆற்றோரமாக நடந்து அந்த நிலையத்தையும் பார்த்துவிட்டு வரவேண்டும். ஊரின் பெருமையைப் பேசுகிறவர்கள் அதன் கழிவையும் கவனிக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

முதலில் கோசானோயு. யுபாதாக்கேயைப் பார்த்தபடி நிற்கும் மரக் கட்டடம், பழைய பாணியில் 2013-இல் கட்டியது. மரத்தொட்டி ஒரு பக்கம், கல்தொட்டி ஒரு பக்கம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் மாற்றி மாற்றி விடுகிறார்கள். மேலே பாய் விரித்த பெரிய கூடம் இருக்கிறது. குளித்துவிட்டு அதில் நீட்டிப் படுத்தால் எழுந்திருக்கவே மனம் வராது.

நண்பர் கூட்டத்துக்கு உண்மையில் ஏற்ற இடம் ஓதாக்கினோயு. அங்கே சூடு படிப்படியாக ஏறும் தொட்டிகள் இருக்கின்றன, 38 பாகையில் தொடங்கி 46 வரை. எங்களில் குணா கீழ்த்தொட்டியைவிட்டு மேலே போகவே இல்லை. மாரி அண்ணன் ஒவ்வொன்றாக ஏறினார். 45-இல் கால் வைத்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு கழுத்துவரை இறங்கி, அசையாமல் உட்கார்ந்தார். அசைந்தால் சூடு புதிதாகத் தோலில் படும், அசையாவிட்டால் தாங்கலாம், அதுதான் சூட்சுமம். ஆளுக்கு ஆள் சூடு தாங்கும் அளவு வேறு. ஒரே தொட்டி என்றால் பாதிப் பேர் வெளியே உட்கார்ந்திருப்பார்கள். இங்கே எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே, அவரவர் தொட்டியில், பேசிக்கொண்டே குளிக்கலாம்.

உடம்பில் துணி கூடாது என்பதைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். மாரி அண்ணன் தோட்ட லயத்துப் பொதுக் குழாயடியில் கைலி கட்டிக் குளித்தே வளர்ந்தவர். உடைமாற்றும் அறையில் அவர் ரொம்ப நேரம் கூடையைத் திருப்பித் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு ஜப்பானியத் தாத்தா பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு, சின்னத் துண்டைத் தோளில் போட்டபடி அவரைக் கடந்து போனார். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அதைக் கண்டதும் அண்ணனும் வந்துவிட்டார். ஆண் பெண் தனித்தனி என்பதால் குடும்பமாகப் போனாலும் சங்கடமில்லை. இறங்குவதற்கு முன் உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும், கையில் கொடுத்த சின்னத் துண்டைத் தொட்டித் தண்ணீரில் நனைக்கக்கூடாது. இந்த இரண்டையும் கடைப்பிடித்தால் மரியாதை கெடாது.

சாய்னோகவாரா திறந்தவெளிக் குளம், 500 சதுர மீட்டர் அளவு. ஒரு பூங்காவைக் கடந்து நடந்து போகவேண்டும். வழியெல்லாம் சுடுநீர் ஓடை, கல்லிடுக்கில் ஆவி. சோப்புப் போட்டுக் குளிக்கும் இடமல்ல இது, அதை விடுதியிலேயே முடித்துவிட்டு வாருங்கள். குளிர் காதை அறுக்கும் நேரத்தில் கழுத்துவரை வெந்நீரில் உட்கார்ந்தால், பதினைந்து நிமிடத்துக்கு வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லை. எழுந்ததும் விரல் நுனிகள், சின்ன வயதில் ரப்பர் பால் ஸ்டோரில் அப்பாவுக்கு உதவியாக ஆசிட் கலந்த பிறகு இருந்த மாதிரியே வழுவழுவென்று ஆகிவிட்டன. கையில் ஆலைத் தீக்காயமோ கீறலோ இருந்தால் நன்றாகவே எரியும். கண்ணில் படவிடாதீர்கள். தோல் மெல்லியவர்கள் கடைசியில் நல்ல தண்ணீரால் ஒருமுறை அலசிக்கொள்ளலாம். வெள்ளி நகையைக் கட்டாயம் கழற்றிவிட்டுப் போங்கள். சேகரின் வெள்ளிக் காப்பு ஒரே குளியலில் கறுத்துவிட்டது. அரைஞாண், மெட்டி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

யுபாதாக்கே பக்கத்திலேயே ஷிராஹாத்தானோயு என்று சின்ன இலவசக் குளியலும் உண்டு. சூடு கடுமை, தாங்குகிறவர்கள் பார்க்கலாம். நெட்சுனோயு கூடத்தில் பெண்கள் 1.8 மீட்டர் நீளப் பலகைகளால் வெந்நீரைப் புரட்டிப் புரட்டி ஆற்றிக் காட்டுகிறார்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மருந்துச் சத்து நீர்த்துவிடும் என்பதால் வந்த பழக்கம். பார்க்க வேண்டியது.

அடுத்து ஷிபு. குசாட்சுவிலிருந்து கருய்சாவாவுக்குப் பேருந்து, அங்கிருந்து ஷின்கான்சன் அதிவேக ரயிலில் நகானோ அரை மணி நேரம், பிறகு சின்ன ரயிலில் யுதானாக்கா. ஷிபு அதற்குப் பக்கத்திலேயே. கல் பாவிய ஒரே தெரு, அதில் ஒன்பது பொதுக் குளியல்கள். எல்லாம் பூட்டியிருக்கும். ஊரில் தங்குகிறவர்களுக்கு விடுதியில் சாவி கொடுக்கிறார்கள், இலவசம். மரச்செருப்புச் சத்தத்தோடு கதவு கதவாகத் திறந்து போகலாம். ஒவ்வொன்றும் நாலைந்து பேர் கொள்ளும் சின்னத் தொட்டிதான். குசாட்சுவின் மூன்று கூடங்கள் வசதிக்கு என்றால், இது நெருக்கத்துக்கு. உள்ளூர்த் தாத்தா ஒருவர் எங்களுக்காகக் குழாயைத் திறந்து குளிர்நீர் விட்டார், நாங்கள் போதும் என்று கை காட்டும்வரை காத்திருந்தார். அவர் பேசியது எங்களுக்குப் புரியவில்லை, நாங்கள் பேசியது அவருக்கும் புரிந்திருக்காது. ஆனாலும் ஒரே தொட்டியில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினோம். பக்கத்தில் ஜிகோகுதானியில் வெந்நீரில் குளிக்கும் குரங்குகளையும் பார்த்தோம். காட்டுப் பாதையில் 1.6 கிலோமீட்டர் நடை. குளிர் ஏறினால்தான் அவை நிறையத் தண்ணீரில் இறங்கும்.

மனக்குறை ஒன்று உண்டு. நாங்கள் தங்கிய ஒரு விடுதியில், மாட்டிறைச்சி சாப்பிடமாட்டோம் என்று முன்பதிவிலேயே எழுதியிருந்தும், சட்டியில் மாட்டிறைச்சிதான் வந்தது. திருப்பிச் சொன்னதும் எடுத்துக்கொண்டார்கள், வேறு எதுவும் வைக்கவில்லை. மாரி அண்ணன் அன்றிரவு வெறும் சோறும் ஊறுகாயும் சாப்பிட்டார். அத்தனை ரிங்கிட் கொடுத்த இடத்தில் அவர் அப்படிச் சாப்பிட்டது எனக்கு இன்னும் வருத்தம்தான். இனி போகிறவர்கள் இரவுச் சாப்பாடு இல்லாமல் அறையை மட்டும் எடுங்கள். குசாட்சு தெருவில் சோபா என்கிற நூடுல்ஸ் கடைகள் உண்டு. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: சோபா சாற்றில் பெரும்பாலும் மீன் இருக்கும். புளிக்காய்ச்சலும் இட்லிப்பொடியும் கையில் இருந்தால் கவலையில்லை.

பெரிய பெட்டிகளை மலைக்கு இழுக்காதீர்கள். தோக்கியோ விடுதியில் கொடுத்தால் நகானோ விடுதிக்குக் கொண்டுசேர்க்கும் சேவை இருக்கிறது, எங்கள் பெட்டிகள் கீறல் இல்லாமல் வந்தன. நாடு முழுவதற்குமான ரயில் பாஸ் இந்த வழிக்கு வேண்டாம். 7 நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆகிவிட்டது. வட்டாரப் பாஸ்களைப் பாருங்கள். குசாட்சுவிலிருந்து கருய்சாவா போகும் பேருந்து அடிக்கடி கிடையாது, ஊரில் இறங்கியதுமே நிலையத்துப் பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.