கம்பிக் கணக்கை நம்பி 443 கிலோ நட்டம்: தளம் போடப் போகிறவர்கள் கவனம்

தளம் போட்டு முடித்த கையோடு எழுதுகிறேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. வரைபடத்தை அனுப்பினால் கம்பி எவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுத்து, கம்பியையும் தாங்களே இறக்கும் இணையச் சேவை ஒன்றிடம் ஏமாந்திருக்கிறேன். பெயர் வேண்டாம். இப்படி நடத்துகிறவர்கள் பலர் இருக்கிறார்கள்.

12 மீட்டர் நீளம், 5.8 மீட்டர் அகலத் தளம். நடுவில் ஒரு பீம். வரைபடத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது: அகலவாக்கில் 10 மி.மீ. மெயின் கம்பி, இடைவெளி 150 மி.மீ.; நீளவாக்கில் 8 மி.மீ. குறுக்குக் கம்பி, இடைவெளி 200 மி.மீ. அவர்கள் அனுப்பிய பட்டியலில் மொத்த எடை 888.54 கிலோ. தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் வரை! அடியில் பொறியாளரின் முத்திரை வேறு. தொலைபேசியில் பேசியவர், “ஒரு கம்பிகூட மிஞ்சாது சார், நாங்கள் குத்துமதிப்பாகப் போடுவதில்லை” என்றார். அவ்வளவு உறுதியாகச் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

கம்பி கட்டி முடிந்தபோது கட்டுக் கட்டாகக் கம்பி கிடந்தது. துண்டு துக்கடா அல்ல, வெட்டாத முழு 12 மீட்டர் கம்பிகள். எடை 443 கிலோ. வாங்கியதில் ஏறக்குறையப் பாதி!

பட்டியலை வரி வரியாகப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மெயின் கம்பி 81 வேண்டும்: 12 மீட்டரை 0.15ஆல் வகுத்தால் 80, அதோடு ஒன்று. அது சரி. ஆனால் ஒவ்வொன்றும் 6 மீட்டருக்குள்தான். ஒரு முழுக் கம்பியில் இரண்டு கிடைக்கும். 41 போதும். அவர்கள் 81 முழுக் கம்பி எழுதியிருக்கிறார்கள். குறுக்குக் கம்பி அதைவிட மோசம். அது அகலத்தில் வரிசையாக வருவது, 5.8ஐ 0.2ஆல் வகுத்து ஒன்று கூட்டினால் 30. அவர்கள் 12ஐ வகுத்து 61 போட்டிருக்கிறார்கள். ஒரு முழுக் கம்பி 10 மி.மீ. என்றால் 7.4 கிலோ, 8 மி.மீ. என்றால் 4.74 கிலோ. கூடுதலாக வந்த 40ஐ 7.4ஆலும் 31ஐ 4.74ஆலும் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள், அதே 443 கிலோதான்.

கேட்டால் ஆளுக்கொரு பதில். “கழிவு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்” என்றார் ஒருவர். கழிவுக்கு வழக்கமாக நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து சேர்ப்பார்கள். தேவைக்குச் சமமாக இன்னொரு பங்கையா சேர்ப்பார்கள்? இன்னொருவர், “கம்பி கட்டியவர் இடைவெளியைக் கூட்டியிருப்பார்” என்று பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டார். அந்த மனிதர் கான்கிரீட் கொட்டும் முன் ஒவ்வொரு வரிசையிலும் டேப் பிடித்துக் காட்டியவர். படங்களை அனுப்பினேன், பதில் இல்லை. பிறகு, “அடுத்த மாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்”. எனக்கு அடுத்த மாடியே கிடையாது! கடைசியில், பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் ‘தோராயமான கணக்கு’ என்று இருப்பதைக் காட்டிக் கைகழுவிவிட்டார்கள். இரண்டு தசமத் தோராயம்! பொறியாளரிடம் பேச வேண்டும் என்றால், எப்போது அழைத்தாலும் அவர் வெளியே போயிருக்கிறார். 443 கிலோ கம்பி சுவரோரம் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவற்றை மட்டும் பாருங்கள். கம்பியை விற்பவரிடமே கணக்கை ஒப்படைக்காதீர்கள். மொத்த எடையை மட்டும் வாங்காமல், ஒவ்வொரு கம்பியின் விட்டம், வெட்டு நீளம், எண்ணிக்கை தனித்தனியாக இருக்கும் பட்டியலைக் கேளுங்கள். கம்பி ஓடும் திசைக்குக் குறுக்கே உள்ள அளவைத்தான் இடைவெளியால் வகுக்க வேண்டும். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். வெட்டாத கம்பியைத் திரும்ப எடுப்பார்களா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.