ஷார்த்ரா, போவேயா?

பாரிசிலிருந்து ஒரே ஒரு கோத்திக் (இடைக்கால ஐரோப்பியக் கட்டட பாணி) பேராலயம்தான் பார்க்க நேரம் என்றால், பலரும் ஷார்த்ர் நகருக்கே போகச் சொல்வார்கள். நியாயம்தான். 1194 தீவிபத்துக்குப் பின் எழுந்த கட்டடம்; பெரும்பகுதி சுமார் 25 ஆண்டுகளில் முடிந்துவிட்டது. வெளியே நிற்கும் தாங்கு வளைவுகள் கூரையின் உந்துதலை வாங்கிக்கொள்வதால் சுவரில் பெரிய ஜன்னல்களுக்கு இடம் கிடைத்தது. 12, 13ஆம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடி இவ்வளவு மிஞ்சியிருக்கும் இடம் வேறெங்கும் அரிது. இரண்டாம் உலகப் போரின்போது அவற்றைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். இரண்டு கோபுரங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. எனக்கு அதுவே பிடிக்கும்.

போவே நகரப் பேராலயம் வேறு ரகம். 1225இல் தொடங்கினார்கள், உயரம் ஒன்றே குறி. ஷார்த்ரின் உட்கூரை சுமார் 37 மீட்டர் என்றால் இங்கே சுமார் 48; கோத்திக் ஆலயங்களில் இதைவிட உயர்ந்தது இல்லை. 1284இல் அதில் ஒரு பகுதி சரிந்தது. சரி, அதோடு அடங்கினார்களா? 1569இல் சுமார் 150 மீட்டர் கோபுரம் ஒன்றை மேலே ஏற்றினார்கள். நான்கே ஆண்டில் அதுவும் விழுந்தது. நீண்ட நடுக்கூடம் கடைசிவரை கட்டப்படவே இல்லை. உள்ளே இன்றும் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

கண்ணாடிக்கும் சிற்பத்துக்கும் ஷார்த்ர். கட்டடக் கலை படிப்பவர் என்றால் தயங்காமல் போவே.